வேகம் கூடியதா, எண் மட்டும் கூடியதா? – முன்னேற்றத்தை ஒர்க் ஷீட்டில் அளக்கும் பாடம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு, "கட்டம் கட்டமாக இருக்கிறது, இதில் என்ன செய்வது?" என்று கேட்பது வழக்கம். வீட்டுச் செலவுக் கணக்கு, மார்க் லிஸ்ட் என்று நாமும் பழைய பதிலையே சொல்லி வருகிறோம். இந்த முறை வேறு ஒரு வேலையைக் கற்றுக் கொள்ளலாம். நீங்கள் ஒரு வேலை முறையை மாற்றினீர்கள். அதனால் உண்மையிலேயே பலன் வந்ததா, அல்லது வந்ததாக நாமே நினைத்துக் கொள்கிறோமா? சாப்ட்வேர் நிறுவனங்களில் பெரிய பெரிய ஆட்கள் தடுமாறும் கேள்வி இது. ஆனால் இதற்குத் தேவையான கருவி, உங்கள் மேஜையில் இருக்கும் அந்தக் கட்டம் போட்ட தாள்தான்.

நான் தச்சநல்லூரில் இருந்தபடியே சாப்ட்வேர் வேலை பார்க்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் இது இப்போது அதிசயம் இல்லை. கங்கைகொண்டானில் எல்காட் பூங்கா இருக்கிறது, தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ இருக்கிறது. முதலில் எங்கள் தொழிலில் இந்தக் கேள்வி எப்படி வருகிறது என்று சொல்லிவிட்டு, பிறகு எங்கள் மைனியின் தையல் கடைக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

அஜைல் என்றால் என்ன?

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 சாப்ட்வேர் வல்லுநர்கள் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். அதுதான் அஜைல் அறிக்கை. ஒரு வருடம் திட்டம் போட்டு, அடுத்த வருடம் எழுதி, கடைசியில் வாடிக்கையாளரிடம் காட்டுவதை விட, சிறிது சிறிதாக எழுதி அடிக்கடி கொடுத்துக் கருத்துக் கேட்பது மேல் என்பது அதன் சாரம். அதில் உள்ள 12 கொள்கைகளில் கடைசிக் கொள்கை, குழுவினர் அவ்வப்போது உட்கார்ந்து "இன்னும் நன்றாக எப்படிச் செய்யலாம்?" என்று யோசித்துத் தங்கள் முறையை மாற்றிக் கொள்ள வேண்டும் என்கிறது.

இந்தக் கடைசிக் கொள்கையைப் பல நிறுவனங்கள் ஒரு இயக்கமாகவே நடத்தும். ஒரு குறையை மட்டும் எடுத்துக் கொண்டு, நான்கு வாரம் அல்லது ஆறு வாரம் அதிலேயே கவனம் வைத்துச் சரி செய்வார்கள். சோதனையைத் தானாக நடக்கும்படி செய்வது, கோடு எழுதியதும் அன்றே இன்னொருவர் பார்த்துவிடுவது, இப்படி ஏதாவது ஒன்று. முடிந்ததும் ஒரு மீட்டிங், ஒரு ஸ்லைடு, "40 சதவீத முன்னேற்றம்" என்று ஒரு எண். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

சென்னையில் நான் முதலில் வேலை பார்த்த நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) இதைக் கண்ணால் பார்த்தேன். அங்கே வேலையின் அளவை ஸ்டோரி பாயின்ட் என்று கணக்கிடுவோம். சின்ன வேலைக்கு 1, கொஞ்சம் பெரியதற்கு 3, அதைவிடப் பெரியதற்கு 5. இது மணியும் இல்லை, நாளும் இல்லை. குழுவே உட்கார்ந்து ஒரு மதிப்புப் போட்டுக் கொள்ளும். முன்னேற்ற மாதம் என்று ஒன்றை அறிவித்து, எத்தனை பாயின்ட் கூடுகிறது என்று பார்க்கப் போவதாக மேலாளர் சொன்னார். பாயின்ட் கூடியது. எப்படித் தெரியுமா? முன்பு 3 போட்ட வேலைக்கு எல்லோரும் 5 போட ஆரம்பித்தோம். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கை தானாகப் போனது. கேக் வெட்டினார்கள்.

எங்கள் குழுவில் டெஸ்டர் ஒருவர் இருந்தார். வயதில் மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அந்த மாதம் முழுக்க, தானாக நடக்கும் சோதனைகளை எழுதியவர் அவர்தான். அந்த வேலைக்குப் பாயின்ட் கிடையாது, ஏனென்றால் அது வாடிக்கையாளர் கேட்ட வேலை இல்லை. ஆண்டு மதிப்பீட்டில் அக்காவின் பெயருக்கு நேராகக் குறைந்த பாயின்ட் நின்றது. இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் நான் டிக்கெட் புரோகிராமிலிருந்து தேதிகளை சி.எஸ்.வி. பைலாக எடுத்து எக்செல்லில் திறந்து பார்த்தேன். ஒரு கோரிக்கை வந்து முடிய ஆகும் நாள், கேக் வெட்டுவதற்கு முன்பும் பின்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பல வேலைகள் சோதனை சர்வர் கிடைக்காமல் காத்துக் கிடந்திருந்தன. அது அக்காவின் கையில் இல்லாத விஷயம். அந்தத் தாளை ஒரு மாதம் முன்னால் போட்டிருக்கலாம்.

ஸ்டோரி பாயின்ட் முறையைத் தானே உருவாக்கியிருக்கலாம் என்று சொல்லும் ரான் ஜெஃப்ரீஸ், அதற்காக இப்போது வருந்துவதாக 2019இல் எழுதினார். இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இலேயே இதன் அடிப்படையைச் சொல்லிவிட்டார். ஒரு அளவை வைத்து ஆட்களை நடத்தத் தொடங்கினால், அந்த அளவு நம்பத் தகுந்ததாக இருக்காது. பரீட்சை மார்க்கை நினைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

ஐதராபாத் குழுவின் கணக்கு

சரியாக அளந்த கதை ஒன்றும் நம் நாட்டிலேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் ஊழியர்களின் உபயோகத்துக்காக வைத்திருந்த சுமார் 80 புரோகிராம்களில் சிறு மாற்றங்களையும் பிழைகளையும் கவனிக்க ஒரு குழு இருந்தது. அந்த வேலை ஐதராபாத்தில் உள்ள ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் நடந்தது. கோடு எழுத 3 பேர், சோதனைக்கு 3 பேர். 2004இல் டிராகோஸ் டுமிட்ரியு என்பவர் இதற்கு மேலாளராக வந்தார். டேவிட் ஆண்டர்சன் என்பவர் அவருக்கு ஆலோசனை சொன்னார். இருவரும் சேர்ந்து இந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார்கள். ஆண்டர்சன் 2010இல் வெளியிட்ட கான்பான் என்ற புத்தகத்திலும் இது வருகிறது.

டுமிட்ரியு வந்தபோது நிலைமை மோசம். ஒரு கோரிக்கை கொடுத்தால் முடிந்து வர சராசரியாக ஐந்து மாதம். மூன்று மாதத்தில் முடிந்தவை 17 மட்டுமே. நிலுவை ஏறிக்கொண்டே போனது. வாடிக்கையாளர்கள் கோபத்தில் இருந்தார்கள். ஐதராபாத்தில் இருந்தவர்கள் சோம்பேறிகளா? இல்லை. அந்த நிறுவனம் தரச் சான்றிதழில் மிக உயர்ந்த ஐந்தாம் நிலையில் இருந்தது. ஒரு கோரிக்கைக்கு உண்மையில் தேவைப்பட்ட உழைப்பு சராசரியாக 11 நாள்தான். மீதி மாதங்களெல்லாம் காத்திருப்பு.

அவர்கள் நேரத்தைத் தின்றது எஸ்டிமேட் போடும் வேலை. எந்தக் கோரிக்கை வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் "இதற்கு எவ்வளவு ஆகும்" என்று சொல்லியாக வேண்டும். அதற்காக ஒரு புரோகிராமரும் ஒரு டெஸ்டரும் ஆளுக்கு ஒரு நாள் வரை செலவிட்டார்கள். குழுவின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேலே, இதிலேயே போனது. இதில் வேடிக்கை, எஸ்டிமேட் போட்ட கோரிக்கைகளில் ஏறக்குறைய பாதி கடைசி வரை செய்யப்படவே இல்லை.

கவனம் வைத்த மாற்றம் என்ன? எஸ்டிமேட் போடுவதை நிறுத்தினார்கள். ஒரே சமயத்தில் கையில் எடுக்கும் வேலைகளுக்கு ஒரு உச்சவரம்பு வைத்தார்கள். இடம் காலியானால்தான் அடுத்த வேலை உள்ளே வரும். எது வர வேண்டும் என்பதை வாடிக்கையாளர் தரப்பு மேலாளர்களே கூடிப் பேசி முடிவு செய்வார்கள். உள்ளே வந்துவிட்டால் 25 நாளில் முடித்துக் கொடுக்க முயல்வோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். சோதனை செய்பவர்களுக்கு வேலை குறைவாக இருப்பதைக் கண்டு, பின்னர் 3க்கு 3 என்பதை 4க்கு 2 என்று மாற்றினார்கள். கோடு எழுதும் முறையையோ சோதனை முறையையோ தொடவில்லை.

மூன்று மாதத்துக்கு 17 என்றிருந்தது, 2004 டிசம்பரில் முடிந்த காலாண்டில் 45 ஆனது. 2005 மார்ச்சில் முடிந்த காலாண்டில் 56. ஒரு கோரிக்கைக்கு ஆன செலவு சுமார் 7,500 டாலரிலிருந்து 2,900 டாலருக்கு இறங்கியது. 2005 நவம்பரில் நிலுவை தீர்ந்தது. ஐந்து மாதக் காத்திருப்பு இரண்டு வாரம் ஆயிற்று.

இந்தக் கணக்கை நான் ஏன் நம்புகிறேன் என்று சொல்ல வேண்டும். முதலாவது, 17இலிருந்து 56 வரை போனபோது அதே ஆறு பேர், அதே மாதிரிக் கோரிக்கைகள், அதே வேலை முறை. மாறியது நிர்வாகம் மட்டும். ஆகவே பலனுக்குக் காரணம் வேறு ஏதோ என்று சொல்ல இடம் குறைவு. பின்னால் இன்னும் இருவரைச் சேர்த்தார்கள். அதனால் கடைசியில் வந்த அந்த இரண்டு வாரத்தில் கூடுதல் ஆட்களின் பங்கும் உண்டு. அதை மாற்றத்தின் பெயரில் மட்டும் எழுதக் கூடாது. இரண்டாவது, அவர்கள் எண்ணியது பாயின்ட்டை அல்ல. கொடுத்து முடித்த கோரிக்கைகளையும் நாட்களையும். காலண்டரை யாரும் இழுத்து நீட்ட முடியாது.

ஒரு சந்தேகமும் எனக்கு உண்டு. 25 நாள் வாக்கு, வேலை உள்ளே எடுக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்குகிறது. வாசலில் காத்திருந்த நாள் அதில் வராது. நிலுவை நிறைய இருந்த மாதங்களில், கேட்டவருக்கு இது பெரிய வித்தியாசம். நிலுவை தீர்ந்த பிறகுதான் இரண்டு கணக்கும் ஒன்றாகும். கடிகாரத்தை எங்கே ஓட விடுகிறோம் என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இருட்டுக்கடை வரிசையும் லிட்டில் விதியும்

மாலையில் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடையில் அல்வா வாங்க நின்றிருக்கிறீர்களா? உங்களுக்கு முன்னால் 40 பேர் இருக்கிறார்கள், நிமிடத்துக்கு 2 பேர் வாங்கி நகர்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். நீங்கள் நிற்க வேண்டியது 20 நிமிடம். இதையே 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கணித முறையில் நிரூபித்தார். கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், சராசரிக் காத்திருப்பு நாள் வரும். வரிசை ஓரளவு சீராக நகர வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் மைனி கடையில் கொடியில் தொங்குவதும் மடித்து வைத்ததுமாக 30 துணி. ஒரு நாளைக்குச் சராசரியாக 3 முடிகிறது. அப்படியானால் 10 நாள். நான் இதை மனதில் போட்டுச் சொன்னதும் மைனிக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க என்ன சும்மாவா இருக்கோம், தம்பி? ராத்திரி பதினோரு மணி வரைக்கும் மிஷின் ஓடுது. அப்பவும் லேட்டு லேட்டுன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ" என்றார். ஐதராபாத் குழுவும் இதைத்தான் சொல்லியிருக்கும்.

பில் புத்தகத்திலிருந்து ஒர்க் ஷீட்டுக்கு

மைனி கடையில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினோம். அதில் லிப்ரே ஆபீஸ் போட்டோம். இது இலவசம். எக்செல் வைத்திருப்பவர்களுக்கும் இதே படிகள்தான். நீங்களும் உங்கள் கம்ப்யூட்டரில் கூடவே செய்து பாருங்கள்.

புதிய ஒர்க் ஷீட்டைத் திறந்து முதல் வரிசையில் தலைப்புகள் கொடுங்கள். ஏ நெடுவரிசையில் பில் எண், பி-யில் துணி வந்த தேதி, சி-யில் அயர்ன் செய்து தயாரான தேதி, டி-யில் ஆன நாள், ஈ-யில் நடுக்கோடு, எஃப்-இல் குறிப்பு. வாடிக்கையாளர் வந்து வாங்கிப் போன தேதியை எடுக்காதீர்கள். சிலர் தைத்து முடித்த பிளவுஸை மும்பையிலிருந்து லீவுக்கு வரும்போதுதான் வாங்குவார்கள். அந்தத் தாமதம் கடையின் கணக்கில் சேராது.

தேதி அடிக்கும்போது புதியவர்கள் அத்தனை பேரும் மாட்டிக் கொள்ளும் ஒரு குழி இருக்கிறது. விண்டோஸில் இடம் அமெரிக்கா என்று செட் ஆகியிருந்தால், 5/2/2025 என்று நீங்கள் அடிப்பதை அது மே 2 என்று எடுத்துக் கொள்ளும். 25/2/2025 என்று அடித்தால் 25ஆம் மாதம் கிடையாது என்பதால் வெறும் எழுத்தாக வைத்துக் கொள்ளும். கண்டுபிடிப்பது எளிது. தேதியாக ஏற்றுக் கொண்டால் செல்லின் வலது ஓரத்தில் நிற்கும். எழுத்தாக நினைத்தால் இடது ஓரத்தில் ஒட்டிக் கொள்ளும். கண்ட்ரோல் பேனலில் ரீஜியன் பகுதிக்குப் போய் இந்தியா என்று மாற்றிவிட்டு, தேதிகளை மறுபடி அடியுங்கள்.

அடுத்து டி2 செல்லில் கிளிக் செய்து, சமக்குறி போடுங்கள். சி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். கழித்தல் குறி போட்டு, பி2 செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். நாள் கணக்கு வந்துவிடும். 1900ஆம் ஆண்டுத் தேதி ஒன்று வந்து நின்றால் பயப்பட வேண்டாம். செல்லில் ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் செல்ஸ் சென்று, நம்பர் என்று மாற்றினால் சரியாகும். பிறகு டி2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால், எல்லா வரிசைக்கும் கணக்கு வந்துவிடும்.

எல்லாத் துணியையும் ஏற்ற மைனிக்கு நேரமில்லை. எனவே ஒரு நாளில் முதலில் வந்த ஒரு துணியை மட்டும் எடுத்தோம். 2025 தை மாதத்தில் 11 நாட்களுக்குப் பழைய பில் புத்தகத்திலிருந்தே கிடைத்தது: 9, 7, 12, 8, 10, 24, 11, 8, 10, 13, 9. முன்னேற்றம் தொடங்கும் முன்னாலேயே இந்தப் பழைய கணக்கு கையில் இருக்க வேண்டும். சாப்ட்வேர் குழுக்கள் பெரும்பாலும் இதைத்தான் மறக்கும்.

இதன் சராசரி 11 வருகிறது. ஆனால் அந்த 24 யார்? லைனிங் துணி வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு இரண்டு வாரம் வராத ஒரு வாடிக்கையாளர். ஒரே ஒரு துணி சராசரியையே மேலே தூக்கிவிட்டது. அது இல்லாவிட்டால் 9.7தான். இப்படிப்பட்ட இடத்தில் மீடியன், அதாவது நடு எண், நல்லது. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுப்பது. அடுக்கினால் 7, 8, 8, 9, 9, 10, 10, 11, 12, 13, 24. நடுவில் 10. அந்த 24, 60 ஆக இருந்தாலும் நடு எண் அசையாது. காலியான ஒரு செல்லில் நின்று, ஃபங்ஷன் பட்டியலில் மீடியன் என்பதைத் தேர்ந்து, டி நெடுவரிசை எண்களை மவுஸால் வளைத்துக் காட்டினால் கம்ப்யூட்டரே சொல்லிவிடும்.

ஈ நெடுவரிசை முழுக்க 10 என்று நிரப்புங்கள். டி, ஈ இரண்டையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் மெனுவில் சார்ட், அதில் லைன் வகை. ஏறி இறங்கும் ஒரு கோடும், நடுவே நேராக ஒரு கோடும் கிடைக்கும். இந்தப் படம்தான் நம் ஆயுதம்.

ஒரு குறை, ஒரு மாதம்

மைனியும் நானும் ஒரு துணியின் பின்னாலேயே போய்ப் பார்த்தோம். கட்டிங், தையல், ஓவர்லாக் எல்லாம் மளமளவென்று முடிகிறது. ஹெம்மிங், ஹூக் வைக்கும் கைவேலை மட்டும் அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குப் போகிறது. அதை வாரம் ஒரு முறை, சனிக்கிழமை மூட்டையாகக் கட்டிக் கொடுத்து அனுப்புவது பழக்கம். திங்கட்கிழமை தைத்து முடித்த பிளவுஸ், ஹூக் இல்லாமல் சனிக்கிழமை வரை சும்மா கிடக்கிறது. மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: தினமும் மாலை, அன்றைக்கு முடிந்ததை அன்றே கைவேலைக்குக் கொடுத்துவிடுவது. கூடவே வேறு எதையும் மாற்ற வேண்டாம் என்று மைனியிடம் கெஞ்சிக் கேட்டுக் கொண்டேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் பலன் எதனால் என்று தெரியாமல் போகும்.

மாசியில் வந்த கணக்கு: 8, 6, 9, 5, 7, 7, 11, 6, 5, 8, 6. மைனிக்கு முதல் வாரத்திலேயே சந்தோஷம். நான் பொறுக்கச் சொன்னேன். ஏனென்றால் எந்த மாற்றமும் செய்யாவிட்டாலும் நாள் கணக்கு ஏறி இறங்கத்தான் செய்யும். எது வழக்கமான ஆட்டம், எது உண்மையான மாற்றம் என்று பிரித்துப் பார்க்கும் படத்தை, அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த வால்ட்டர் ஷூவார்ட் 1924 மே மாதம் ஒரு குறிப்பாக எழுதிக் கொடுத்தார். அந்த வழியில் வந்த ஒரு சுலபமான விதி இதுதான். பழைய நடுக்கோட்டுக்கு ஒரே பக்கத்தில் தொடர்ந்து 8 புள்ளிகள் விழுந்தால், ஏதோ மாறியிருக்கிறது என்று எடுத்துக் கொள்ளலாம்.

ஏன் 8? நடுக்கோடு என்பதால் ஒரு புள்ளி மேலே விழவும் கீழே விழவும் வாய்ப்பு சரிபாதி. நாணயம் சுண்டுவது போலத்தான். தொடர்ந்து 8 முறை பூ விழ, 256இல் ஒரு வாய்ப்பு. அது தற்செயலாக நடப்பது அரிது.

மாசிக் கணக்கைப் பாருங்கள். முதல் 6 புள்ளிகள் 10க்குக் கீழே. ஏழாவது 11, கோட்டைத் தாண்டிவிட்டது. பின்பு 4 புள்ளிகள் கீழே. ஆக, 11 நாளில் 8 தொடர்ச்சி கிடைக்கவில்லை. "கிட்டத்தட்ட வந்தாச்சே" என்றார் மைனி. கிட்டத்தட்ட என்பதை ஏற்றுக்கொண்டால் பிறகு எல்லாமே கிட்டத்தட்ட ஆகிவிடும். இன்னும் நான்கு நாள் எழுதினோம்: 6, 7, 5, 9. இப்போது அந்த 11க்குப் பிறகு தொடர்ந்து 8 புள்ளிகள் கீழே. பதினைந்து எண்களின் நடு எண் 7. கொடியில் எண்ணிப் பார்த்தால் 21 துணி. ஒரு நாளைக்கு முடிவது அதே 3. இருபத்தொன்றை மூன்றால் வகுத்தாலும் 7தான். யாரும் வேகமாகத் தைக்கவில்லை. கைவேலைக்காகக் காத்துக் கிடந்த மூட்டை மட்டும் மறைந்திருந்தது.

இதற்குள் மயங்கிவிடக் கூடாத இடங்கள்

நாள் குறைந்தது சரி, தரம்? அவசரத்தில் ஹூக் பிடுங்கிக் கொண்டு வந்தால் என்ன பிரயோஜனம்? அதற்காகத்தான் குறிப்பு நெடுவரிசை. ஆல்ட்டருக்குத் திரும்பி வந்ததை அங்கே எழுதினோம். தையில் 11இல் 2, மாசியில் 15இல் 2. கெடவில்லை என்று மட்டும் சொல்லலாம். நன்றானது என்று சொல்ல இந்த எண்ணிக்கை போதாது. சாப்ட்வேர் குழு என்றால் இந்த இடத்தில் வாடிக்கையாளரிடம் போன பிறகு கண்டுபிடித்த பிழைகளை எண்ண வேண்டும்.

தையையும் மாசியையும் எடுத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டும் முகூர்த்த மாதம், துணி வரத்து ஏறக்குறைய ஒன்று. ஆனி மாதத்தை ஆடியோடு ஒப்பிட்டிருந்தால், ஒன்றும் செய்யாமலேயே முன்னேற்றம் கிடைத்திருக்கும், ஏனென்றால் ஆடியில் கல்யாணமே இல்லை. ஐ.டி. குழுக்களில் டிசம்பர் விடுமுறை மாதத்தை வைத்து இதே தப்பு நடக்கும்.

இன்னொரு ஆபத்து, மிக மோசமான காலத்தைத் தொடக்கமாக வைப்பது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி, ஜங்ஷன் பகுதியெல்லாம் தண்ணீரில் நின்றதை நெல்லைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மார்கழிப் பக்கங்களை 'முன்பு' என்று எடுத்துக் கொண்டு, மறு மாதம் கடையில் சாமி படத்தை இடம் மாற்றி வைத்திருந்தால்கூட, படத்தால் வேகம் கூடியது என்று நிரூபித்திருக்கலாம். நிறுவனங்களில் மாற்றம் கொண்டுவரும் ஆலோசகர்களைக் கூப்பிடுவது எப்போதும் நிலைமை மிக மோசமாகும்போதுதான். மோசமான மாதத்துக்குப் பிறகு வரும் மாதம் பெரும்பாலும் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும், ஆலோசகர் வந்தாலும் வராவிட்டாலும். ஆகவே ஒரு மாதத்தை இன்னொரு மாதத்தோடு மோத விடாமல், முடிந்தவரை நீண்ட கோட்டைப் படத்தில் போடுங்கள். ஐதராபாத் கணக்கும் ஒரே காலாண்டோடு நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக, இந்தத் தாளில் ஆட்களின் பெயருக்கு நெடுவரிசை வைக்காதீர்கள். மைனி கடையில் தைக்கும் இரண்டு பெண்களில் யார் எத்தனை நாள் என்று பிரித்துப் பார்க்கலாமே என்று என் அண்ணன் யோசனை சொன்னான். டெஸ்டர் அக்கா நினைவு வந்தது. அப்படிப் போட்டால், கஷ்டமான டிசைன் பிளவுஸை எடுக்க யாரும் முன்வர மாட்டார்கள், எளிய துணிக்கே போட்டி நடக்கும் என்றேன். மைனியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பைலை சேவ் செய்யும்போது மாதத்தின் பெயரைச் சேர்த்துக் கொள்ளுங்கள், ஒரு நகலை பென் டிரைவிலும் வையுங்கள். பங்குனியில் படத்தில் ஒரு புள்ளி திடீரென்று 15இல் போய் நின்றது. என்ன ஆயிற்று என்று கேட்கத் திறந்தேன். குறிப்பு நெடுவரிசையில் மைனியே அடித்து வைத்திருந்தார்: "மிஷின் மோட்டார் ரிப்பேர், நாலு நாள். கைவேலை தினமும் போகுது."